மலைநாட்டில் ஓய்வின் வரலாறு

பதுளை நகரினின்றும் கிழக்கே பசறைக்குச் சென்று, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை மடுல்சீமையைச் சேர்கின்றது. இரு மருங்கும் தேயிலை மலைகள். அவற்றைக் கடந்து அப்பாற் சென்றால், பிட்டமாறுவை என்னும் சிற்றூருக்கு அண்மையில் நிலம் திடீரென முடிந்துவிடுகின்றது. காலடியிற் செங்குத்தான பாறை. அதன் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் தாழ்நிலம். ஆங்காங்கே வெயிலில் மின்னும் நீர்த்தேக்கங்கள். ஹோட்டன் சமவெளியின் பேர்பெற்ற உலக முடிவை ஒத்திருத்தலால் இதனைச் 'சின்ன உலக முடிவு' என மக்கள் அழைக்கின்றனர்.

விடுமுறை நாட்களிற் கொழும்பிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் இளைஞர் பலர் இவ்விடம் வந்து கூடாரமிட்டுத் தங்குகின்றனர். அலுவலகம், கடிதம், கணக்கு, தொலைபேசி ஆகிய யாவற்றையும் மறந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதே அவர்கள் நோக்கம். ஆனால் அந்நோக்கம் எல்லார்க்கும் எளிதிற் கைகூடுவதில்லை. மூடுபனி விலகிச் சூரியன் எழும் வேளையிலும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து அலைவரிசை தேடுவோர் உளர். உடல் மலையுச்சிக்கு வந்துவிட்டது. மனம் மேசையை விட்டு எழவில்லை. ஓய்வு என்பது கிடைத்தவுடன் வாய்த்துவிடுவதன்று. அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே என்பது இதனாற் புலனாகும்.

இக்கூடாரங்கள் நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்திலே லயங்கள் இருக்கின்றன. பொழுது விடியும் முன்னரே எழுந்து, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குச் செல்லும் பெண்கள் அங்கே வாழ்கின்றனர். ஓய்வை நாடி ஒரு சாரார் வரும் இடத்திலேயே ஓய்வை அரிதாகக் கண்ட இன்னொரு சாரார் நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஆதலின் ஓய்வின் வரலாற்றை ஆராய்வதற்கு மடுல்சீமையைப் போன்ற பொருத்தமான இடம் பிறிதில்லை. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஒன்று இம்மலைகளிலேயே நிகழ்ந்தது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாரந்தோறும் ஒரு நாள் விடுமுறை என்னும் வழக்கம் பழங்காலத்தில் இருந்ததில்லை. உழவர் வாழ்வை வாரம் ஆளவில்லை. பருவமும் திங்களுமே ஆண்டன. அமாவாசையன்று ஏர் பூட்டாத ஊர்கள் பல. அறுவடை முடிந்தால் தைப்பொங்கல்; மறுநாள் உழைத்த மாட்டுக்கும் ஒரு விழா. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே வேலை குறைந்த திங்கள்களிற் கோயில் விழாவும் கூத்தும் திருமணமும் நடைபெறும். வேலைக்காலம், ஓய்வுக்காலம் என்னும் பிரிவு மணிக்கூட்டினால் ஏற்பட்டதன்று. மழையினாலும் மண்ணினாலும் ஏற்பட்டது. வறுமையும் சாதிக் கொடுமையும் நிறைந்த அவ்வாழ்வைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. எனினும் ஓய்வு அங்கே ஊர் முழுவதற்கும் பொதுவாய் வந்தது. ஒருவன் மட்டும் ஓய்ந்திருக்க ஊரார் உழைப்பது என்பது இல்லை; ஊரே ஓயும், ஊரே ஆடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறியபோது, கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் இந்தப் பழக்கத்தையும் ஓரளவு உடன்கொண்டே வந்தனர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் திங்கள்களில் ஆட்கள் பெருந்தொகையாக வேண்டும். ஏனைய காலத்தில் அத்துணைப் பேர் வேண்டியதில்லை. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்த மக்களிற் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் மீண்டும் ஊர் திரும்பினர். அவ்வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரவர். கோப்பிக் காலத்தின் கொடுமைகளுள் அது தலையாயது. ஆயினும், பயணத்திற் பிழைத்தவனுக்கு ஆண்டிற் சில திங்கள் சொந்த ஊரின் நிழல் இருந்தது. துரையின் கண்ணிலிருந்தும் கங்காணியின் கணக்கிலிருந்தும் விலகி, தன் குலதெய்வத்தின் முன்னே நிற்கும் காலம் ஒன்று அவனுக்கு இருந்தது.

இந்த அமைப்பை உடைத்தது ஒரு நுண்ணிய காளான். 1869 ஆம் ஆண்டிலே, அப்பொழுதுதான் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் சில கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. புள்ளிகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராக விளங்கிய துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே காளான்களைப் பற்றிய அறிவிற் சிறந்த பார்க்கிலி என்னும் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பாதி வழுவழுப்பானது, பேரழிவு செய்வது என்பது பொருள். தோட்டத்துரைமார் இப்பெயரைத் திரித்து, 'பேரழிவு எமிலி' என ஒரு பெண்ணின் பெயர்போல் வழங்கிக் கேலி பேசினர். கேலி நீடிக்கவில்லை. காற்றோடு பரவிய அந்நோய் சில ஆண்டுகளுக்குள் தீவின் கோப்பி மாவட்டங்கள் அனைத்தையும் பற்றிக்கொண்டது. 1880 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி வந்து நோயின் இயல்பை விளக்கினார். நோயை ஒழிக்கும் வழி அவருக்கும் அகப்படவில்லை. அந்தப் பத்தாண்டிற் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

தேயிலையின் வளர்ச்சி வியக்கத்தக்கது. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரிற் பயிரிட்டதே வாணிக முறையிலான தேயிலைச் செய்கையின் தொடக்கம் என்பர். 1875 இல் தீவு முழுவதிலும் சுமார் 1,000 ஏக்கரே தேயிலை இருந்தது. 1895 இல் அது சுமார் 3 இலட்சம் ஏக்கராகப் பெருகியது. இருபதே ஆண்டுகள்! பொருளாதார நூல்கள் இம்மாற்றத்தை ஏற்றுமதிக் கணக்குகளால் விளக்கும். தொழிலாளியின் வாழ்விலே நிகழ்ந்த மாற்றமோ வேறு வகையானது.

கோப்பிச் செடி ஆண்டின் ஒரு பருவத்திலே பழுக்கும். தேயிலைச் செடியோ ஆண்டு முழுவதும் தளிர்க்கும். ஒரு மலையிற் கொழுந்தெடுத்து முடித்தால், ஏழு அல்லது பத்து நாட்களில் அதே மலைக்கு மீண்டும் வரவேண்டும். காலம் தப்பினால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலைக்கு விலை இல்லை. பறித்த கொழுந்து வாடிக் கெடுமுன் தொழிற்சாலையைச் சேரவேண்டும். ஊவா மலைகளில் ஆடி, ஆவணித் திங்கள்களில் வறண்ட காற்று வீசும்போது கொழுந்து குறைகின்றது. ஆனால் அக்காலத்துத் தேயிலைக்கே உலகச் சந்தையில் ஈடற்ற மணமும் மதிப்பும் உண்டு. ஆகவே அப்பொழுதும் ஓய்வில்லை. பயிர் ஓயாதபோது பயிரைச் சார்ந்த மனிதன் எவ்வாறு ஓய்வான்? வந்து போன மனிதர் குடும்பத்தோடு தங்கினர். பெண்கள் கொழுந்துக் கூடையை ஏந்தினர். ஊர் திரும்பும் திங்கள்கள் நினைவாயின. மடுல்சீமையின் இலைகளிலே முதலிற் காணப்பட்ட அந்தச் செம்மஞ்சள் தூள், ஒரு பயிரை மட்டும் அழிக்கவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் ஆண்டு ஓய்வையும் அழித்துவிட்டது.

புதிய வாழ்வின் குரலாகத் தப்பு ஒலித்தது. விடியுமுன் லயங்களைச் சுற்றி அது முழங்கும். உடனே எழுந்து, உண்டும் உண்ணாமலும் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் பதிவார். ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று சொல்வது தோட்ட வழக்கு. பிந்தி வந்தவருக்கும், குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவராதவருக்கும் 'அரைப் பேர்' போடப்படும். மனிதனுடைய பெயரே அவனுடைய வேலை நாளுக்குப் பெயராகியது. வேலை செய்யாத நாளில் அவனுக்குப் 'பேர் இல்லை' என்று சொன்னார்கள். ஓய்ந்திருப்பவன் பெயரற்றவன் என்னும் கருத்து இச்சொல்லிலே பொதிந்திருப்பதைச் சிந்திக்க வேண்டும். மடுல்சீமையிலும் லுணுகலையிலும் பசறையிலும் வாழ்ந்த எத்தனையோ பேர் நோயுற்றுக் கிடந்தபோதும் மன அமைதி இன்றித் தவித்தமைக்கு வறுமை ஒரு காரணம்; இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை என்னும் வார ஓய்வு ஐரோப்பியரின் சமயத்தோடு வந்தது. தோட்டங்களில் அது பெரும்பாலும் பெரட்டு இல்லாத நாள். கடைவீதிக்குச் சென்று சாமான் வாங்கும் நாள். ஆயினும் கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் 'கைக்காசு' வேலை நடந்தது. பறித்த நிறைக்கு அன்றே காசு கொடுக்கப்பட்டதால், கடன்பட்ட குடும்பங்கள் அந்நாளையும் விற்றன. பெண்களின் நிலை மேலும் கடினமானது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் விறகு பொறுக்குதல், துணி வெளுத்தல், காம்பராவை மெழுகுதல், பிள்ளைகளைக் குளிப்பாட்டுதல் ஆகிய யாவும் அவர்களையே சேர்ந்தன. ஆணுக்கு ஓய்வு நாளாயிருந்தது பெண்ணுக்கு வேலை மாறும் நாளாக இருந்தது. இந்நிலை இன்றும் முற்றாக நீங்கிவிட்டதெனச் சொல்ல முடியாது.

இனித் துரைமாரின் ஓய்வைப் பார்ப்போம். ஆங்கிலேயர் மலைநாட்டைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை ஓய்வுக்குரிய இடமாகக் கண்டனர். 1819 இல் டேவி என்னும் மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைப் பார்த்து அதன் குளிர்ச்சியைப் புகழ்ந்தார். ஆளுநர் பார்ன்ஸ் அங்கே மாளிகை எழுப்பினார். சித்திரைத் திங்களில் வெப்பம் மிகும்போது உத்தியோகத்தரும் துரைமாரும் நுவரெலியாவிற் கூடுவது வழக்கமாயிற்று. 1876 இல் அங்கே மலைக் கழகம் தோன்றியது. குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் நடனமும் அப்பருவத்தின் அணிகள். ஊவாவிலே பண்டாரவளை தன் மென்மையான காலநிலையால் உடல்நலம் நாடுவோரின் உறைவிடமாயிற்று. சில ஆண்டுகளுக்கொரு முறை துரைமார் கப்பலேறித் தாய்நாடு சென்று பல திங்கள் தங்கி வருவதும் வழக்கமாக இருந்தது.

அவர்கள் உண்மையாக ஓய்ந்தார்களா என்பது வேறு கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுள் பலருக்கு ஓய்வென்பது வேட்டையாக இருந்தது. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறார். 1845 ஆம் ஆண்டில் ஹப்புத்தளையிலே இடிவிழுந்து அவர் மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டு 1857 இல் திறக்கப்பட்டது. சாலை அமைத்த நல்ல நிருவாகி அவர் என்பர். எனினும், ஓய்வு நேரத்தையும் எண்ணிக்கையால் அளக்கும் மனிதனின் உருவம் அவர் கதையிலே தெரிகின்றது. வேலையில் ஏக்கர்க் கணக்கு. விளையாட்டில் யானைக் கணக்கு. கணக்கு மாறினும் கணக்கிடும் மனம் மாறவில்லை.

இதற்கு மாறான ஓய்வைத் தொழிலாளரே தமக்கெனப் படைத்துக்கொண்டனர். மாசித் திங்கள் பிறந்தால் தோட்டங்களிற் காமன் கூத்து தொடங்கும். அமாவாசை கழிந்தபின் காமன் கம்பம் நடுவர். இரவுதோறும் மன்மதனும் ரதியும் வந்து ஆடுவர். பௌர்ணமியை அடுத்துச் சிவபெருமானின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள், கூடியிருக்கும் பெண்களும் உடன் அழுவர், இறுதியில் அவன் உயிர்த்தெழுவான். பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் இவ்வாறே விடிய விடிய நடைபெற்றன. ஆடியில் அம்மனுக்குப் பூசை, தேர்த் திருவிழா, தீபாவளி. ஊவாத் தோட்டத்து மக்கள் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வதும் உண்டு. காடும் வெயிலும் கடந்து நடக்கும் அந்தப் பயணத்தில் உடல் களைத்தது. ஆயினும் திரும்பி வந்தோர் இளைப்பாறியவராகவே திரும்பினர்.

இக்கூத்துக்களின் உயிர்நாடியாக விளங்கிய கருவி எது? அதே தப்பு. விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்த தோற்கருவியே இரவிற் காமனுக்கும் ரதிக்கும் ஒலித்தது. காலைத் தப்பைக் கேட்டு உடல் நடுங்கிய மனிதன் இரவுத் தப்பைக் கேட்டு ஆடினான். ஓசை ஒன்று, அழைப்பு வேறு. முன்னது பிறனுடைய பயனுக்காக அழைத்தது. பின்னது தன் மக்களின் நடுவே வருமாறு அழைத்தது. பகலெல்லாம் உழைத்தவன் இரவெல்லாம் கண்விழித்துக் கூத்தாடி மறுநாளும் மலையேறுவது எவ்வாறு இயலும் என வெளியார் வியப்பதுண்டு. ஓய்வு என்பது சும்மா கிடத்தல் என்று எண்ணுவோர்க்கே அது வியப்பு. கூத்து நடக்கும் இரவிலே செக்ரோல் இல்லை, அரைப் பேர் இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசும் இல்லை. அங்கே கவ்வாத்துக்காரன் சிவனாக நின்றான்; கான் வெட்டுபவன் அருச்சுனனாகத் தவம் செய்தான். தன்னை ஆளும் கணக்கிலிருந்து சிறிது நேரமேனும் முழுமையாக வெளியேறுதல் என்பதே அவர்கள் கண்ட ஓய்வு.

ஆயினும் கூத்து மட்டும் போதாது, சட்டமும் வேண்டியிருந்தது. உலகெங்கும் இப்போராட்டம் நடந்தது. இங்கிலாந்திலே 1871 ஆம் ஆண்டில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. 1919 இல் சர்வதேசத் தொழில் தாபனம் தோன்றி, வேலை நேரத்துக்கு வரம்பு வகுக்க முற்பட்டது. 1936 இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. வாழ்விலே முதன்முறையாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் அவ்வாண்டிற் பல. இலங்கையிலே 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், மதிய உணவு வேளை உட்பட ஒன்பது மணி நேரமே ஒரு வேலை நாள் என வரையறுத்தது. நாளுக்கு ஓர் எல்லை உண்டென்பதைத் தோட்டங்கள் சட்டத்தின் வாயிலாகக் கேட்டது அப்போதுதான்.

தொழிற்சங்கம் மலைநாட்டில் வேரூன்றுவதற்குக் கோ. நடேசய்யர் அரும்பாடு பட்டார். 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1940 ஆம் ஆண்டிலே ஊவாவில் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிந்து, அதன் வாயிலாகத் துரையோடு சமமாக நின்று பேசினர். அரசாங்கம் அவ்வெழுச்சியைக் காவற்படையால் அடக்கியது. எனினும், 1941 இல் வந்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வார விடுமுறைக்கும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறைக்கும் வழி திறந்தது. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் இருபத்து நான்காம் உறுப்புரையில் ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் மனிதனின் உரிமையாக எழுதிவைத்தது. 1956 இல் மே தினம் இலங்கையிற் பொது விடுமுறையாயிற்று. 1958 இல் சர்வதேசத் தொழில் தாபனம் பெருந்தோட்டங்களுக்கெனத் தனி உடன்படிக்கையொன்றை வகுத்து, அதிலே வார ஓய்வையும் ஆண்டு விடுமுறையையும் சேர்த்தது.

சட்டம் தந்த விடுமுறையும் கணக்கின் பிடியிலிருந்து தப்பவில்லை. தோட்டத் தொழிலாளர்க்கு ஆண்டு விடுமுறை, அவர் அவ்வாண்டிற் பெற்ற 'பேர்'களின் தொகையைக் கொண்டே கணிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60 ரூபா. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாமல் வந்தவர்க்கே அக்கொடுப்பனவு உரியது. பிள்ளையின் காய்ச்சலுக்காகவோ உறவினரின் சாவுக்காகவோ சில நாள் கூடுதலாக நின்றவர், வந்த நாட்களுக்குரிய கொடுப்பனவையும் இழந்தார். 2019 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் அக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஓய்வுக்கு விலை வைக்கும் வழக்கம் எவ்வளவு நெடுங்காலம் நீடித்தது என்பதற்கு இது சான்று.

விடுமுறை என்றதும் மலையக முதியோர் நினைவில் எழும் சொற்றொடர் 'ஊருக்குப் போதல்' என்பதாகும். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 1924 இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. மண்டபம் முகாமின் தடுப்புக்காவலும் மருத்துவப் பரிசோதனையும் தொல்லையாக இருந்தபோதும், சிறிது பணம் சேர்த்தவர் ஒரு முறையேனும் ஊர் சென்று வந்தனர். தோட்டத்தில் அவர் எண். ஊரில் அவர் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன். கங்காணியின் குரல் கடலைத் தாண்டி வராது. உண்மையான விடுமுறை அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அக்கதவும் மூடத் தொடங்கியது. 1939 இல் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடவுச்சீட்டு இல்லாதவர் ஊர் சென்றால் திரும்பி வருவது எவ்வாறு? 1964 ஒக்தோபரிற் கையொப்பமான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1984 வரையே ஓடியது. 'ஊருக்குப் போதல்' என்னும் சொல்லின் பொருள் இதனால் தலைகீழாயிற்று. மகிழ்ச்சியோடு சொன்ன சொல்லைக் கண்ணீரோடு சொல்ல நேர்ந்தது. விடுமுறைக்குச் செல்பவன் திரும்பி வருவான். இவர்களோ திரும்பி வாராப் பயணம் போனார்கள். பதுளைப் புகையிரத நிலையம் கண்ட பிரிவுகள் எத்தனையோ! எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே பெருமளவில் முடிவு கண்டது.

இதே காலத்தில் இலங்கை முழுவதும் ஓய்வைப் பற்றிய ஒரு புதுமையான சோதனை நடந்தது. 1966 ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்கள் வார விடுமுறையாயின. சந்திரனின் ஓட்டம் ஏழு நாளில் அடங்காமையால் சில வாரங்கள் ஏழு நாளாகவும் சில வாரங்கள் எட்டு நாளாகவும் அமைந்தன. உலக வாணிகத்தோடு இது பொருந்தவில்லை. 1971 இல் கைவிடப்பட்டது. பௌர்ணமி மட்டும் விடுமுறையாக நிலைத்தது. சமயத்தின்பாற்பட்ட மாற்றமாயினும், பொதுவாக எல்லார்க்கும் உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. வாரம் என்பது இயற்கையின் விதியன்று. மனிதர் கூடி வகுத்த ஏற்பாடு. வகுத்தவர்கள் மாற்றவும் கூடும்.

இன்று ஊவா நாடு ஓய்வை விற்கும் நாடாகவும் மாறியிருக்கின்றது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லயின் மலைகளையும் காண உலகின் பல பாகங்களிலிருந்து மக்கள் வருகின்றனர். மடுல்சீமையின் பாறை விளிம்பும் அவ்வரிசையிற் சேர்ந்துவிட்டது. லயங்களிற் பிறந்த பிள்ளைகளிற் பலர் கொழும்பிலே கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேருந்தேறி வருகின்றனர். 'ஊருக்குப் போதல்' என்று அவர்கள் சொல்லும்போது அந்த ஊர் மடுல்சீமையே, லுணுகலையே, பசறையே. மூன்று தலைமுறைக்கு முன்னர் பிழைப்புக்காக வந்த இடம் இன்று இளைப்பாற வரும் இடமாகியிருப்பது வரலாற்றின் மாற்றங்களிற் பெரியது.

அவ்வாறு வரும் இளைஞனும், பாறை விளிம்பிற் கூடாரமிடும் நகரத்தானும் ஒரே வகைத் தப்பின் ஓசைக்கு உட்பட்டவர்களே. பழைய தப்பு விடியலில் ஒரு முறை ஒலித்தது. அதைக் கேளாத தூரம் ஒன்று இருந்தது. இக்காலத்துத் தப்போ சட்டைப் பையிலேயே இருக்கின்றது; நள்ளிரவிலும் ஒலிக்கின்றது; மலையுச்சி வரை உடன் வருகின்றது. தொலைபேசியை நிறுத்திவிட்டால் மட்டும் ஓய்வு வந்துவிடாது. யானைகளை எண்ணிய அதிகாரியைப் போல, பார்த்த இடங்களையும் எடுத்த படங்களையும் எண்ணிக்கொண்டிருந்தால், விடுமுறையும் இன்னொரு செக்ரோலாகிவிடும். எண்ணுவதை நிறுத்தவும், தன்னைத் தன் பதவியாலன்றி அறியும் மக்களோடு கலந்திருக்கவும், உடல் விரும்பியவாறு ஆடவோ நடக்கவோ கிடக்கவோ விடவும் கற்றவனே ஓய்வைக் கற்றவன். இதைக் காமன் கூத்துக் களரியிற் கண்விழித்திருந்த மக்கள் நூலின் உதவியின்றி அறிந்திருந்தனர்.

இவ்வறிவோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய ஓய்வு வேறொருவருடைய ஓய்வின்மையின் மேல் நிற்குமாயின், அது முழுமையான ஓய்வாகாது. பனி விலகும் காலையில், கூடாரத்தின் முன்னே அமர்ந்து சூடான தேநீரைப் பருகுபவன், எதிர்மலையில் வரிசையாக நகரும் கூடைகளைக் காண்பான். அவன் கையிலுள்ள தேநீர் அங்கிருந்தே வந்தது. அக்கூடைகளைச் சுமக்கும் பெண்ணுக்கும் விறகும் துணியும் காத்திராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருமானம் குறையாத சில விடுமுறை நாட்கள், தான் விரும்பிய ஊருக்குப் போய்வரும் வாய்ப்பு ஆகியவை கிடைக்கும்போதே, 1869 இல் இம்மலைகளிற் கெட்டுப்போன கணக்கு நேராகும்.